குழந்தை சொல்ல, ஆமை நடக்கும்

நான்கு வயதுக் குழந்தை ஒன்று தொடுதிரையில் விளையாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரலால் தொட்டால் போதும். பூ மலர்கிறது, மணி ஒலிக்கிறது, கைதட்டல் கேட்கிறது. இணையத்தின் வழியே இத்தகைய விளையாட்டுகள் மழலையர் வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. இவற்றை ஊடாடும் கருவிகள் என்கிறார்கள். ஒருவர் செய்வதற்கு ஏற்ப மற்றவர் பதில் செய்வதே ஊடாடுதல். எங்கே தொட்டாலும் அதே கைதட்டல்தான் என்றால், அதை ஊடாடுதல் எனலாமா?

இது வெறும் சொல் விவாதம் அன்று. அமெரிக்க ஆய்வாளர்கள் சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹெர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கொலின்காஃப் ஆகிய மூவரும் ஒரு சோதனையின் முடிவை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 24 முதல் 30 மாத வயதுடைய 36 குழந்தைகளுக்கு, அவர்கள் அதுவரை கேட்டிராத சில வினைச்சொற்கள் கற்பிக்கப்பட்டன. சிலருக்கு நேரில் கற்பித்தார்கள். சிலருக்கு வீடியோ அழைப்பில். மீதிப் பேருக்கு, வேறொரு குழந்தையுடன் பேசியதன் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். வீடியோ அழைப்பில் கேட்டவர்களும் கற்றுக்கொண்டார்கள். பதிவைப் பார்த்தவர்களோ கற்கவில்லை. பின்னிரண்டிலும் இருந்தது திரைதான் அல்லவா? ஆனால் அழைப்பில், குழந்தை சிரித்தால் எதிரே இருப்பவர் உடனே அதற்குப் பதில் தருவார். பதிவில் வருபவருக்கு இந்தக் குழந்தை இருப்பதே தெரியாது.

தன் செயலுக்கு ஏற்ற பதில் வேண்டும் என்பதே இதன் பொருள். மனிதரைப் போல இயந்திரமும் அத்தகைய பதிலைத் தர இயலுமா? இதற்கு விடை தேடும் முயற்சி இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது.

சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர், குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனிவாவில் பணியாற்றியவர். அவரும் வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து 1967இல், சிறுவர்களுக்கென 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். பின்னர் அதனுடன் ஓர் ஆமையும் சேர்ந்தது. உயிருள்ள ஆமை அன்று; தரையில் ஊர்ந்து, வயிற்றில் உள்ள பேனாவால் கோடு போடும் சிறு இயந்திரம். 'முன்னே 50' என்றால் அவ்வளவு தூரம் போகும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். தவறான கட்டளை கொடுத்தாலும் அப்படியே செய்யும்! 'தப்பு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீடு வரையப் போன ஆமை சுவரில் போய் முட்டும்போது, எந்தக் கட்டளை பிசகியது என்று குழந்தையே தேடத் தொடங்கும்.

ஆனால் லோகோவில் கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். எழுத்தே அறியாத மழலை என்ன செய்யும்?

1970களின் நடுவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ரேடியா பெர்ல்மன் இதற்கு ஒரு வழி கண்டார். முதலில், படம் போட்ட பொத்தான்கள் கொண்ட ஒரு பெட்டி. அடுத்து, வரிசை வரிசையாகப் பிளவுகள் உள்ள இன்னொரு பெட்டி. ஒவ்வொரு பிளவிலும் படம் உள்ள அட்டை ஒன்றைச் செருகிவிட்டு, வரிசையின் பொத்தானை அழுத்தினால், ஆமை இடமிருந்து வலமாக ஒவ்வோர் அட்டையாக நிறைவேற்றும். எந்த அட்டை நடந்துகொண்டிருக்கிறதோ அதனடியில் ஒரு விளக்கு எரியும். ஆமை எங்கே பிசகியது என்பதைக் குழந்தை கண்ணாலேயே காணலாம். வரிசைகளுக்கு வெவ்வேறு நிறங்கள். சிவப்பு அட்டையைச் செருகினால், சிவப்பு வரிசை முழுவதையும் செய் என்று பொருள். அப்படியானால் சிவப்பு வரிசையிலேயே சிவப்பு அட்டையைச் செருகினால்? ஆமை அந்த வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். கல்லூரியில் கணிப்பொறியியல் பயில்வோர் படிக்கும் 'தன்னைத் தானே அழைத்தல்' என்ற கருத்து இங்கே மழலையின் கைக்கு வந்துவிட்டது!

பெர்ல்மன் இப்பணியைத் தொடரவில்லை. சுற்றிலும் ஆண்களே இருந்த துறையில், சின்னக் குழந்தைகளோடு வேலை செய்தால் தம்மை அறிவியலாளராக மதிக்கமாட்டார்களோ என்று தயங்கியதாக அவரே பின்னாளில் கூறினார். குழந்தைகளுக்கு இது பேரிழப்பு என்றே நான் கருதுகிறேன். அவர் 1985இல் வகுத்த ஒரு வழிமுறை, கணிப்பொறி வலையமைப்புகளில் செய்திகள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பதைத் தடுத்தது. ஆமையை முடிவின்றிச் சுற்ற வைத்தவர் அல்லவா அவர்!

அவருடைய அட்டைகளின் வழித்தோன்றல் என்று 2014இல் வெளிவந்த 'ஸ்கிராட்ச் ஜூனியர்' செயலியைச் சொல்லலாம். இது 5 முதல் 7 வயது வரையுள்ளோருக்கானது. படக் கட்டங்களை இடமிருந்து வலமாகக் கோத்துப் பச்சைக் கொடியைத் தொட்டால், திரையில் பூனை நடக்கும். பூனை ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 12 என்று கொடுக்க வேண்டும். 360 பாகை அறியாத குழந்தையும் கடிகாரத்தில் 12 எண்களைக் கண்டிருக்குமே! இதன் மூத்த உறவான 'ஸ்கிராட்ச்', எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கானது. 2019 முதல் தொடுதிரைகளிலும் இணைய உலவியிலேயே இயங்குகிறது. அதே 2019இல் உலகச் சுகாதார நிறுவனம், 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் திரையின் முன் அமர்ந்திருப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அறிவுறுத்தியதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

திரையே இல்லாமலும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் தம்பியோ தங்கையோ கட்டளையிடட்டும், நீங்கள் ஆமையாகுங்கள். சொன்னதை மட்டுமே செய்யுங்கள். மேசையில் முட்டுவதாயினும் சரி, நீங்களாக விலகாதீர்கள். பிறகு சாக்பீசால் தரையில் கோடிட்டபடி, நீங்களே உங்களுக்குக் கட்டளையிட்டுச் சமபக்க முக்கோணம் ஒன்றை நடந்து பாருங்கள். அதன் கோணம் 60 பாகைதான். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் நீங்கள் 120 பாகை திரும்பியிருப்பீர்கள். ஏன் என்று உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கேட்பதற்கு முன், அந்த மூலையில் நின்று ஒருமுறை மெல்லத் திரும்பிப் பாருங்கள்.