மகளைத் தாதியாக அனுப்பலாமா?



2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது ஒரு தகப்பனார் என்னை வழிமறித்தார். தெஹிவளையில் சிறு கடை வைத்திருப்பவர். எனக்கு நன்கு அறிமுகமானவர்.

“மௌலவி, ஒரு மஷூரா. மூத்த மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்துச் சித்தியடைஞ்சிருக்கிறா. மருத்துவ பீடத்துக்குப் புள்ளி காணாது. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டுமா வாப்பா என்று கேட்கிறா. என்ன சொல்றீங்க?”

ஒரு நிமிடமாவது யோசித்துப் பதில் சொல்லியிருக்கலாம். நான் யோசிக்கவில்லை. “இரவு வேலை, ஆண்கள் வாட்டு, கண்டவர் மலசலத்தையும் அள்ள வேண்டிய தொழில். நமக்கு எதற்கு ஹாஜியார்? டீச்சர் வேலைக்குப் பார்க்கச் சொல்லுங்க” என்றேன். அவர் நிம்மதியுடன் போனார். ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு நானும் வீடு திரும்பினேன்.

அந்தப் பதில் எவ்வளவு பிழையானது என்பதை அடுத்த ஆண்டு களுபோவில வைத்தியசாலையில் ஓர் இரவு எனக்குக் கற்றுத் தந்தது. அதைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

துளிகளின் கணக்கு

2017இல் நம் நாட்டை டெங்குக் காய்ச்சல் உலுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன். அப்போது அவனுக்கு 16 வயது. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையில், அதாவது நாம் எல்லோரும் களுபோவில ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், அவனை அனுமதித்தோம்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. “அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டது” என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்துதான் தாதி ஒவ்வொரு மணித்தியாலமும் அவன் கட்டிலடிக்கு வரத் தொடங்கினார். காய்ச்சல் இருந்தபோது வந்ததைவிட, இறங்கிய பிறகு அதிகமாக வருகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

நடுநிசி தாண்டியிருக்கும். மகன் தாகம் என்றான். சேலைன் துளித்துளியாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வேகமாக ஏறினால் பிள்ளை சீக்கிரம் தெம்பாவான் என்று எண்ணி, குழாயில் இருந்த சிறு சக்கரத்தை நானே திருப்பிவிட்டேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. கையில் டோர்ச்சோடு வந்த தாதி துளி விழும் வேகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சக்கரத்தைச் சுருக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி துளிகளை எண்ணினார். “யார் கை வைத்தது?” என்று சிங்களத்தில் கேட்டார். ஒப்புக்கொண்டேன். உடனே வைத்தியரை அழைத்தார். மகனின் மூச்சைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்து வைத்தியரும் கேட்டார். நடந்ததை நேரத்தோடு அட்டவணையில் எழுதிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“மௌலவி, இந்த நோயில் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. நாங்கள் எண்ணிக் கொடுப்பது அதற்காகத்தான்.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகம் வெட்கப்படுத்தியது.

நாம் காணாத அறிவு

மறுநாள் வைத்தியர் விளக்கினார். டெங்கில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சிலருக்கு அபாய கட்டம் தொடங்குகிறது. 24 முதல் 48 மணித்தியாலம் வரை இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். நீர் போதாவிட்டால் இரத்த ஓட்டம் தளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அளவுக்கு மீறி ஏற்றினாலோ, கசிந்த நீர் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்து மூச்சை அடைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய பாதை. அந்தப் பாதையில் நோயாளியைக் கைப்பிடித்து நடத்துபவர் தாதி.

எப்படி? இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அவர் தனித்தனியே பார்ப்பதோடு நிற்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்க்கிறார். 100க்கு 80 என்றால் உங்களுக்கும் எனக்கும் நல்ல எண்ணாகவே தோன்றும். ஆனால் டெங்கு நோயாளியில் அந்த வித்தியாசம் 20ஆகக் குறுகிவிட்டால் அது அபாய அறிவிப்பு. கை கால் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். சிறுநீரை அளக்கிறார்: 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 25 மில்லிலீட்டராவது வெளியேற வேண்டும். நான் அருவருப்போடு சொன்ன அதே சிறுநீர், அவர் கையில் உயிரின் அளவுகோலாக இருந்தது!

துளிகளுக்கும் கணக்கு உண்டு. பொதுவாகப் பயன்படும் சேலைன் குழாயில் 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலீட்டர். மணிக்கு 60 மில்லிலீட்டர் ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 20 துளி. நான் திருப்பிய அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருந்தது.

வைத்தியர் நோயை இனங்கண்டு சிகிச்சையைத் தீர்மானிக்கிறார். பெரிய வாட்டில் ஒரு கட்டிலருகே அவர் நிற்பது சில நிமிடங்களே. மிகுதி நேரமெல்லாம் நோயாளியைப் பார்த்திருப்பது தாதியின் கண். நாடித் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் சிறு மாற்றம் வந்தாலும் முதலில் அறிந்து, எப்போது வைத்தியரை அழைப்பது என்று தீர்மானிப்பது அவருடைய பொறுப்பு. மருந்து கொடுக்கும்போது சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் சரிபார்ப்பது அவர் கடமை. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப் புண் வராமல் காப்பதும், ஒருவரைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றவரைத் தொடாதிருப்பதும், வீடு செல்பவருக்கு மருந்தையும் உணவையும் புரியும்படி சொல்லிக் கொடுப்பதும் அந்தத் தொழிலுக்குள் அடங்கும்.

காலை 7 மணிக்கு இரவுத் தாதி கடமை முடிந்து போகுமுன், புதிதாக வந்தவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒப்புவித்தார். என் மகனின் கட்டிலடியில் இரவு நடந்த தவறும் சொல்லப்பட்டது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை மாணவர்களுக்குக் கற்பிக்கும் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. யார் கண்டார், யாரிடம் சொன்னார், எதை எழுதினார் என்ற அதே பேணுதல்! அங்கே ஒரு செய்தியின் நம்பகம் அதில் தங்கியிருக்கிறது; இங்கே ஓர் உயிர்.

வாட்டுக்கு வெளியே

சுகாதார சேவை என்றதும் நமக்குப் பெரிய வைத்தியசாலைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதன் வேர் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள். உங்கள் வீட்டுக் கர்ப்பிணியைத் தேடி வரும் குடும்பநல மாது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக், நுளம்பு பெருகும் இடம் தேடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எல்லோரும் அதைச் சேர்ந்தவர்களே. அடுத்த படிகளில் பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, களுபோவில போன்ற போதனா வைத்தியசாலைகள் என்று வரிசை உயர்கிறது. அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

1930களில் நம் நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்குச் சுமார் 2,000 தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. மருந்துகளும் வைத்தியர்களும் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. குடை பிடித்து, வீடு வீடாக நடந்து, கொப்பியில் குறித்துக்கொண்ட பெண்களின் கால்களும் சாதித்தன.

மறந்துபோன பாடம்

இனி என் வெட்கத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். அகழ் யுத்தத்தில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களை எங்கே கிடத்தினார்கள்? ருஃபைதா (ரழி) என்ற பெண்மணி காயப்பட்டோரைப் பராமரித்த கூடாரத்தில். நபி (ஸல்) அவர்கள் அங்கே வந்து நலம் விசாரித்தார்கள். உம்மு அதிய்யா (ரழி), ருபய்யிஃ (ரழி) ஆகியோரும் போர்க்களங்களில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர்கள். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையில் நோயாளரைப் பராமரிக்க ஆண்களும் பெண்களும் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

மருத்துவம் பர்ழு கிஃபாயா, சமூகத்தில் சிலராவது நிறைவேற்றாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகளாகும் கடமை என்று இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எழுதுகிறார். மக்கள் எல்லோரும் சட்டக் கலையின் பக்கமே சாய்ந்து மருத்துவத்தைக் கைவிட்டதையும் அவர் கண்டிக்கிறார். இந்தப் பகுதியை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு தகப்பன் வந்து கேட்டபோது அது என் நினைவுக்கு வரவில்லை. கிதாபில் இருந்தது, என் நெஞ்சில் இருக்கவில்லை.

அந்த வாட்டில் இருந்த நாட்களில் வேறொன்றையும் கண்டேன். வெள்ளவத்தைக் கடையொன்றில் வேலை செய்யும் மலையகத்து முதியவர் ஒருவர் அடுத்த கட்டிலில் இருந்தார். தமிழ் மட்டுமே தெரிந்தவர். தாதி கேட்பதை நான் தமிழில் சொல்ல, அவர் சொல்வதை நான் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன். நான் வீடு போனபின் அவர் வலியை யார் கேட்டிருப்பார்கள்? நம் மனைவிக்குப் பிரசவமென்றால் பெண்தான் பார்க்க வேண்டும் என்கிறோம். நம் உம்மாவின் பேச்சு புரிகிற ஒருவர் வேண்டும் என்கிறோம். நம் மகளை அனுப்பமாட்டோம் என்றால், அந்தப் பெண் எந்த வீட்டிலிருந்து வர வேண்டும்?

பெற்றோருக்கு

உடை, இரவுக் கடமை, தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பது தகப்பனின் உரிமை, கடமையும்கூட. ஆனால் என்னைப் போன்ற ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தாதியர் கல்லூரிக்கே நேரில் போய்க் கேளுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசுங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்கூடக் கல்லூரிகள் உண்டு. அரசாங்கப் பயிற்சி மூன்று ஆண்டு. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். பல்கலைக்கழகங்களில் தாதியர் பட்டப்படிப்பும் இருக்கிறது. இது பெண்களுக்கு மட்டுமான தொழிலுமல்ல. மகனுக்கும் விருப்பமிருந்தால் தடுக்காதீர்கள்.

வாட்டுக்குப் போகும்போது

உங்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்:

1. சேலைன், ஒட்சிசன், எந்தக் குழாயிலும் கை வைக்காதீர்கள். சந்தேகமிருந்தால் தாதியை அழையுங்கள்.

2. நோயாளி வீட்டில் குடித்த மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் பெரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

3. குடித்ததையும் கழித்ததையும் அளந்து சொல்லும்படி கேட்டால், குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். அளந்தே சொல்லுங்கள்.

4. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுங்கள். ஐந்து வேளை வுழூச் செய்யும் நமக்கு இது பாரமாக இருக்கக் கூடாது.

என் மகன் ஆறாம் நாள் தேறி வீடு வந்தான். அந்தத் தாதியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நேரே அந்தத் தகப்பனாரின் கடைக்குப் போய், நான் சொன்னது பிழை என்றேன். விண்ணப்ப முடிவுத் திகதி எப்போதோ கடந்திருந்தது. மூத்த மகளுக்குக் கலியாணமும் பேசி முடித்திருந்தார்கள். இன்று அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனினும் அவரைக் காணும்போதெல்லாம் என் தலை தானாகவே குனிகிறது.

அவருடைய தங்கை உயர்தரம் முடித்து, ராத்தாவின் ஆசையையே தன் ஆசையாகச் சொன்னபோது, தகப்பனார் மறுபடியும் என்னிடம் வந்தார். இம்முறை மஷூராவுக்கு அல்ல. விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்த்துத் தரச் சொல்லி. அவருடைய கடை மேசையிலேயே உட்கார்ந்து இருவருமாக ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். அந்தப் பிள்ளை இப்போது பயிற்சியின் இறுதி ஆண்டில் இருக்கிறார். அவருக்காகவும், இந்த நேரத்தில் எங்கோ ஒரு கட்டிலடியில் துளிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.