பஸ்கா இரவும் ரேகைச் சட்டமும்

யூதரின் பஸ்கா விருந்தில் புளிப்பில்லாத அப்பம் அவசரப் புறப்பாட்டையும், கசப்பான கீரை அடிமைத்தனத்தையும், உப்புநீர் கண்ணீரையும் குறிக்கும். பத்து வாதைகளைச் சொல்லுகையில் திராட்சரசத்தைத் துளித்துளியாகச் சிந்துவர். எகிப்தியர் துயருற்றிருக்க நம் பாத்திரம் நிறைந்திருத்தல் ஆகாது என்பது அதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. எனினும் விருந்தின் உயிர்நாடி பிள்ளை கேட்கும் கேள்வியில் இருக்கிறது (யாத். 12:26). தகப்பன் கூறவேண்டிய விடையோ தன்மை ஒருமையில் அமைந்தது: கர்த்தர் விடுவித்தது முன்னோரை மட்டுமன்று, என்னையே (13:8). ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்தினின்று புறப்பட்டவராக எண்ணவேண்டும் என்று மிஷ்னாவும் (பெசாகிம் 10:5) கற்பிக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் நாம் ஊழியம் செய்த நாளில், ஒரு வீட்டுத் திண்ணையில் சிறுவனொருவன், "தாத்தா, உங்க அய்யா ஏன் ராத்திரி சாவடியில போய்ப் படுத்தாரு?" என்று கேட்டான். கிழவர் மாட்டைக் கவனிப்பதுபோல் எழுந்து போய்விட்டார்.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர்மேல் விதிக்கப்பட்டபோது, ஆண்கள் கைரேகை பதிந்து, இரவில் காவல்நிலையத்திலோ சாவடியிலோ தங்கவேண்டியவராயினர். பிறப்பே குற்றமாயிற்று. ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். பஞ்சாங்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்த நாம் திகைத்தோம்: அன்று யூதருக்குப் பஸ்காவின் முதல் நாள்; நமக்கு ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட 1947 வரை செல்லவேண்டியிருந்தது.

அங்கே ஆண்டுதோறும் நினைவஞ்சலி நடைபெறுகிறது. வீரத்தைச் சொல்வது எளிது. சாவடிப் பாயைச் சொல்வதே கடினம். பஸ்காவோ கசப்புக் கீரையைப் பந்தியிலிருந்து அகற்றுவதில்லை. ஏனெனில் அந்நியனின் இருதயத்தை அறிந்தவரே அந்நியனை ஒடுக்காதிருக்கக் கடமைப்பட்டவர் (யாத். 23:9). இதைப் பிறருக்குப் பிரசங்கிக்குமுன், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணும் நம் சபைகளில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியாகவேண்டும். அதுவும் நம் கீரையே.

மறு ஆண்டு பெரிய வியாழனன்று மாலை அச்சிறுவன் நம்மிடம் ஓடிவந்தான். தாத்தா அவனைச் சாவடிவரை கைபிடித்து அழைத்துப்போய், பாய் விரித்த இடத்தைக் காட்டினாராம்.