ஒரு டன் கம்பிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

வீடு கட்டுமிடத்தில் தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரியும். 20 மி.மீ. ஜல்லி போட்ட ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 186 லிட்டர் கலவைத் தண்ணீர் என்றுதான் ஐ.எஸ். 10262 என்ற இந்தியத் தரவிதி கணக்கைத் தொடங்குகிறது. அதில் 350 கிலோ சிமென்ட் இருந்து, முழுமையாக வினைபுரிந்தால், ஏறக்குறைய 80 லிட்டர் அதனோடு சேர்ந்து கல்லாகிவிடும். மீதி நுண்துளைகளில் தங்கும் அல்லது ஆவியாகும். பிறகு குறைந்தது 7 நாள் ஈரமாகவே வைத்திருக்கும் க்யூரிங்.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு இதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எம்-சாண்ட் கழுவிய தண்ணீர், சிமென்ட் ஆலையில் இயந்திரங்களையும் சூளைப் புகையையும் குளிர்வித்த தண்ணீர், ஆலைக்கு மின்சாரம் தந்த அனல்மின் நிலையத்தில் ஆவியான தண்ணீர் எல்லாமே அந்தக் கான்கிரீட்டின் பேரில்தான் எழுதப்பட வேண்டும். ஒரு நிறுவனம் ஆலை வாசலோடு கணக்கை முடித்துக்கொள்ள, இன்னொன்று மின் நிலையம்வரை போனால், இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. எதுவரை அளந்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லவைக்கும் சர்வதேசத் தரவிதி, ஐ.எஸ்.ஓ. 14046, 2014இல்தான் வந்தது.

அடுத்த சிக்கல், எடுத்த தண்ணீரா, தீர்ந்த தண்ணீரா என்பது. கான்கிரீட்டுக்குள் வைக்கும் உருக்குக் கம்பியை எடுத்துக்கொள்வோம். இரும்புத்தாதுவிலிருந்து உருக்குவரை ஒரே வளாகத்தில் செய்யும் ஆலைகள், ஒரு டன் உருக்குக்குச் சராசரியாக 28.6 கனமீட்டர் நீர் எடுப்பதாக உலக உருக்குச் சங்கம் கணக்கிட்டது. மலைக்கவைக்கும் எண். ஆனால் 25.3 கனமீட்டர் வெளியே திரும்பிவிடுகிறது. உண்மையில் தீர்வது 3.3 கனமீட்டர்தான். எடுப்பதில் குளிர்விக்கப் பயன்படும் கடல்நீரும் அடங்கலாம். 28,600 லிட்டர் என்றாலும் சரி, 3,300 என்றாலும் சரி, இரண்டும் பொய்யில்லை. எதை அளந்தார்கள் என்று சொல்லாமல் விட்டால்தான் ஏமாற்று. திரும்பும் தண்ணீர் சூடாகவோ அழுக்காகவோ இருந்தால் அதற்குத் தனிக்கணக்கு வேண்டும்.

இவ்வளவும் சரியாக அளந்த பிறகும், அந்த லிட்டர் எந்த ஊருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ‘அவேர்’ என்ற முறை இதற்காகவே வந்தது. மனிதரும் இயற்கையும் எடுத்ததுபோக ஒரு வடிநிலத்தில் எவ்வளவு நீர் மிஞ்சுகிறது என்று பார்த்து, 0.1 முதல் 100 வரை ஒரு பெருக்கெண் தருகிறது. மிக வறண்ட இடத்தில் தீர்ந்த ஒரு லிட்டர், நீர்வளம் மிக்க இடத்தின் ஆயிரம் லிட்டருக்குச் சமம்.

2012இல் உலகத் தொழில்துறை எடுத்த நீரில் 9 சதவீதம் கான்கிரீட் உற்பத்திக்குப் போனதாக 2018இல் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 2050இல் கான்கிரீட்டுக்கான நீர்த்தேவையில் 75 சதவீதம், தண்ணீர்த் தட்டுப்பாடு எதிர்பார்க்கப்படும் பகுதிகளிலேயே எழக்கூடும் என்றும் அது சொன்னது. ஆகவே ‘குறைந்த நீரில் தயாரானது’ என்று ஒரு சிமென்ட் மூட்டை சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதுவரை அளந்தீர்கள்? எடுத்ததா, தீர்ந்ததா? எந்த ஊர்த் தண்ணீர்?