இரத்தக் கொழுப்பும் நமது அடுக்களையும்



இரத்தத்திலே கொலஸ்திரோல் மிகுந்திருக்கின்றது என்று வைத்தியர் சொல்லக் கேட்டவுடன், பெரும்பாலார் வினவும் முதல் வினா, "இனி நான் எதனை உண்ணக் கூடாது?" என்பதேயாம். சிலர் அன்றே முட்டையை நிறுத்திவிடுவர். சிலர் தேங்காய் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது எனக் கட்டளையிடுவர். ஒரு திங்கள் கழிந்ததும் நாச் சலித்துப் பழைய உணவுக்கே மீள்வர். எதனை விடுவது என்று கேட்டவர்கள், விட்ட இடத்தில் எதனை வைப்பது என்று கேளாது போனமையே இதற்குக் காரணமாகும். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற்கண், கொலஸ்திரோல் என்பது யாது? அது மெழுகு போன்ற ஒரு பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரெல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், பித்தக்கற்களிலே காணப்பட்ட இப்பொருளுக்குப் பெயரிட்டார். பித்தம், திண்மம் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். அது நஞ்சன்று. உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தின் சுவருக்கும் அது வேண்டப்படுகின்றது. உணவின் கொழுப்பைச் சமிபாடடையச் செய்யும் பித்தநீர் அதிலிருந்தே உண்டாகின்றது. விற்றமின் டியும் ஓமோன்கள் பலவும் அதனையே மூலமாகக் கொண்டவை. இத்துணை இன்றியமையாத பொருளை உடம்பு உணவை மட்டும் நம்பி விட்டுவைக்கவில்லை. அதன் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. அவ்வாக்க வேலையில் ஈரலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே, நாம் உண்ணும் கொலஸ்திரோலைக் காட்டிலும், ஈரல் என்ன செய்கின்றது என்பதே பெரிய விடயமாகும்.

எண்ணெயும் நீரும் கலவாதவாறு போலக் கொலஸ்திரோலும் இரத்தத்தில் கரையாது. அதனால் அது புரதத்தோடு சேர்ந்த சிறு துணிக்கைகளிலே ஏற்றிச் செல்லப்படுகின்றது. அவற்றுள் அடர்த்தி குறைந்த துணிக்கையை எல். டி. எல். என்பர், அது கொலஸ்திரோலை உடம்பெங்கும் கொண்டு செல்வது. அடர்த்தி கூடியதை எச். டி. எல். என்பர், அது எஞ்சியதை ஈரலுக்கு மீளக் கொண்டு சேர்ப்பது. எல். டி. எல். அளவுக்கு மிஞ்சினால், அது நாடிகளின் உட்சுவரினுள்ளே புகுந்து படியத் தொடங்குகின்றது. படிவு ஆண்டுக்கணக்கில் வளரும். நோவில்லை, காய்ச்சலில்லை, ஓர் அறிகுறியும் இல்லை. ஒருநாள் அப்படிவு வெடிப்புற, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து நாடியை அடைக்கும். அது இருதயத்தின் நாடியாயின் மாரடைப்பு. மூளையின் நாடியாயின் பாரிசவாதம். தெற்காசிய மக்களாகிய நம்மிடையே இந்நோய் மேலைநாட்டாரிலும் இளவயதிலேயே வந்து தாக்குகின்றது என்பதையும் மறத்தலாகாது. குடும்பத்துக்கு உழைக்கும் வயதிலுள்ளவரே பலிகொள்ளப்படுகின்றனர்.

பரிசோதனைத் தாளைக் கையில் வைத்திருப்போர் மொத்த எண்ணை மட்டும் பார்த்தல் போதாது. எல். டி. எல். எத்துணை என்பதைப் பார்த்தல் வேண்டும். ஒரு தெசிலீற்றர் இரத்தத்தில் அது 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருத்தல் நன்று. முன்னரே மாரடைப்பு வந்தவர்க்கு 70க்கும் கீழே இருத்தல் வேண்டுமென வைத்தியர் கூறுவர்.

இனி, ஈரலின் வேலையைச் சற்று நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் டலஸ் நகரத்தில் ஆராய்ச்சி நடத்திய மைக்கேல் பிரவுண், யோசேப்பு கோல்ட்ஸ்ரைன் என்னும் இருவர் 1985 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். கலங்களின் மேற்பரப்பிலே எல். டி. எல். துணிக்கைகளைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன என்று கண்டுபிடித்தமை அவர்களது ஆராய்ச்சியின் சிறப்பு. ஈரலில் இவ்வேற்பிகள் மிகுதியாயிருப்பின் இரத்தம் துப்புரவாகும், குறைந்திருப்பின் எல். டி. எல். வெளியே தேங்கும். நாம் உண்ணும் உணவுகளிற் சில இவ்வாயில்களைத் திறக்கின்றன, சில அடைக்கின்றன. உணவு பற்றிய அறிவுரையின் பெரும்பகுதி இவ்வொரு செய்தியினின்றும் கிளைத்ததேயாம்.

வாயிலை அடைப்பனவற்றுள் முதன்மையானது நிரம்பிய கொழுப்பு. வெண்ணெய், நெய், இறைச்சிக் கொழுப்பு, முழு ஆடைப் பால்மா ஆகியவற்றில் அது மிகுதி. நமது நாட்டிலே இதனைச் சொல்லும்போது தேங்காயைப் பற்றிச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயில் அது நூற்றுக்குப் பதினைந்து பங்களவே. தேங்காய் எண்ணெய்ப் போத்தலிலே "கொலஸ்திரோல் அற்றது" என்று எழுதியிருப்பின் அது பொய்யன்று. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்திரோல் இருப்பதாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆயினும் அவ்வெண்ணெயை உண்டபின் ஈரல் என்ன செய்யும் என்பதைப் போத்தலின் தாள் சொல்லாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகளிலே, தேங்காய் எண்ணெய் உண்டோருக்கு எல். டி. எல். உயர்ந்தமை காணப்பட்டது.

அவ்வாறாயின் தேங்காயைத் துறந்துவிடல் வேண்டுமா? வேண்டியதில்லை. தேங்காய்ப்பூவிலே நார்ச்சத்தும் உண்டு. கீரை வறையிலே தூவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும், பொரியலுக்குச் சட்டி நிறைய ஊற்றும் எண்ணெயும் ஒன்றல்ல. பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் நல்லெண்ணெயைக் கொள்ளலாம். சொதிக்கும் குழம்புக்கும் முதற்பாலைக் குறைத்து, இரண்டாம் பாலை அளவாகச் சேர்க்கலாம். ஒரு வேளை உணவில் சம்பல் இருப்பின், அதே வேளையில் பாற்கறியும் பொரியலும் வேண்டுமா என எண்ணிப் பார்க்கலாம். இவ்வாறு செய்தால் சுவையும் கெடாது, வீட்டாரும் வெறுப்படையார்.

நிரம்பிய கொழுப்பினும் கொடியது ஒன்று உண்டு. தாவர எண்ணெயை ஐதரசன் ஏற்றிக் கட்டியாக்கும்போது உண்டாகும் திரான்ஸ் கொழுப்பே அது. எல். டி. எல்லை உயர்த்துவதோடு, நன்மை தரும் எச். டி. எல்லையும் அது தாழ்த்துகின்றது. தொழிற்சாலையில் ஆக்கப்படும் இக்கொழுப்பை உணவிலிருந்து ஒழிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் எல்லா நாடுகளையும் வேண்டிற்று. வனஸ்பதி கொண்டு செய்த பணிஸ் வகைகளையும், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்த பலகாரங்களையும் விலக்குதல் நன்று.

முட்டையின் நிலை யாது? ஒரு மஞ்சட்கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்திரோல் உண்டு. எனினும், உணவின் கொலஸ்திரோல் பெரும்பாலாரின் இரத்தத்தைச் சிறிதளவே மாற்றுகின்றது. நலமுடையோர் நாளொன்றுக்கு ஒரு முட்டை உண்பதால் அஞ்சவேண்டியதில்லை. நீரிழிவோ மிக உயர்ந்த எல். டி. எல்லோ உடையோர் தம் வைத்தியரைக் கேட்டு அளவை வகுத்துக்கொள்ளல் தகும். அவித்த முட்டையை அஞ்சி ஒதுக்கிவிட்டு, அவ்விடத்தில் எண்ணெயிற் பொரித்த ரோல்சை வைப்பவர் எதனையும் ஈட்டியவராகார்.

இப்பொழுது வாயிலைத் திறப்பனவற்றுக்கு வருவோம். அவற்றுள் தலையாயது நீரிற் கரையும் நார்ச்சத்து. இது குடலிலே கூழ்போலாகிப் பித்தநீரின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகின்றது. இழந்த பித்தநீரை ஈடுசெய்ய ஈரலுக்குக் கொலஸ்திரோல் வேண்டும். அதற்காக அது தன் ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்திலுள்ள எல். டி. எல்லை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. கடலை, பயறு, கௌபி, பருப்பு, வெண்டிக்காய், கத்தரிக்காய், கொய்யாப்பழம், தோடம்பழம், ஓட்ஸ் என்பன இந்நாரைத் தருவன. வெண்டிக்காயின் வழுவழுப்பை வெறுப்போர், அவ்வழுவழுப்பே தமக்கு மருந்தென அறிவாராக.

உணவினால் எத்துணை பயன் விளையும் என்பதற்கு அளந்து கண்ட சான்று உண்டு. கனடாவின் ரொறொன்ரோ நகரத்தில் டேவிட் ஜென்கின்சும் அவர்தம் குழுவினரும் 2003 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கரையும் நார், சோயாப் புரதம், பாதாம்பருப்பு, தாவர ஸ்ரெரோல் சேர்த்த மாஜரின் ஆகிய நான்கையும் ஒருங்கே கொண்ட உணவை ஒரு தொகுதியினர்க்கு நான்கு வாரம் அளித்தனர். நமக்கு நன்கு பழக்கமான வெண்டிக்காயும் கத்தரிக்காயும் அவ்வுணவிலே இடம்பெற்றிருந்தன. முடிவில் எல். டி. எல். நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் தாழ்ந்தது. கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்தை உட்கொண்ட மற்றொரு தொகுதியினர்க்கு அது 31 பங்களவு தாழ்ந்தது. உணவு, மருந்தின் தோளளவுக்கு வந்து நின்றது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அம்முதல் ஆய்வில் உணவை ஆய்வாளரே வழங்கினர். 2011 ஆம் ஆண்டில் வெளியான அடுத்த ஆய்விலோ மக்களுக்கு அறிவுரை மட்டும் அளிக்கப்பட்டது. வாங்குவதும் சமைப்பதும் அவரவர் பொறுப்பாயின. ஆறு மாதத்தின் பின் எல். டி. எல். தாழ்ந்தது நூற்றுக்கு 13 பங்களவே. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் யாது? அதுவே அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையிலுள்ள தூரம் எனலாம். நல்லுணவு எதுவென்று அறிந்தும், அது நாள்தோறும் அடுப்பில் ஏறாவிடின் பயன் பாதியாகின்றது. ஆயினும் 13 பங்கென்பதும் சிறிதன்று. ஆண்டுக்கணக்கில் அது நிலைத்தால், நாடிகளின் சுமை அந்த அளவுக்கு இலேசாகும்.

பழக்கம் தனியொருவரால் மாற்றப்படுவது அரிது. ஊரார் கூடினால் எளிது. பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணம் இதற்குச் சான்று. அங்கே நடுவயது ஆடவர் மாரடைப்பால் மாய்வது உலகிலேயே மிக உயர்ந்த அளவிலிருந்தது. மக்கள் அரசாங்கத்திடம் முறையிட்டனர். 1972 ஆம் ஆண்டில் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. பாணுக்கு வெண்ணெயைத் தடித்துப் பூசுவது அம்மக்களின் வழக்கம். மாதர் சங்கங்கள் கூட்டங்கள் கூட்டி, பழைய உணவுகளையே கொழுப்புக் குறைத்துச் சமைத்துக் காட்டின. கடைகளும் பாடசாலைகளும் ஒத்துழைத்தன. பாற்பண்ணையாளர் சிலர் பெரிப்பழச் செய்கைக்கு மாறினர். பின்னாளில் கொலஸ்திரோலைக் குறைப்பதில் ஊருக்கு ஊர் போட்டியும் நடந்தது. நாற்பது ஆண்டளவில், உழைக்கும் வயது ஆடவரிடையே இருதய நாடி நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்தது. புகைத்தல் குறைந்தமையும், இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பரவியமையும் இதிற் பங்குகொண்டன. எனினும், கொலஸ்திரோலின் வீழ்ச்சியே பெரும்பங்கு வகித்தது என்பது ஆய்வாளர் கண்ட முடிபு.

உணவோடு ஒழுக்கமும் சேரவேண்டும். கிழமைக்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல், அல்லது அதற்கீடான தேகாப்பியாசம் செய்தல் யாவர்க்கும் தக்கது. நடையினால் எல். டி. எல். பெரிதும் தாழாது, ஆயின் எச். டி. எல். சற்று உயரும், திரைகிளிசரைட்டு என்னும் மற்றொரு கொழுப்புக் குறையும், அழுத்தமும் நீரிழிவும் கட்டுப்படும். சீனியும் மதுவும் திரைகிளிசரைட்டை உயர்த்துவன. நாளைக்கு நான்கு முறை, முறைக்கு மூன்று கரண்டி சீனியுடன் தேநீர் அருந்துவோர் தம் கணக்கைத் தாமே கூட்டிப் பார்க்கலாம். புகைத்தல் நாடியின் உட்சுவரையே புண்படுத்துவதாதலின், அதனை விடாது உணவை மட்டும் திருத்துவது, ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பது போன்றதாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சில குடும்பங்களிலே ஏற்பிகளின் குறைபாடு பரம்பரையாக வருகின்றது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவர்க்கு இந்நிலை உண்டு. அவர்கள் மெலிந்தவராயும், உணவிற் கட்டுப்பாடுடையவராயும் இருக்கலாம், எனினும் எல். டி. எல். மிக உயர்ந்தே நிற்கும். தந்தையோ தமையனோ இளவயதில் மாரடைப்புற்றிருப்பின், ஏனையோர் மெலிந்த உடம்பை நம்பியிராது இரத்தத்தைப் பரிசோதித்தல் வேண்டும். தைரொயிட்டுச் சுரப்பியின் சோர்வும் கொலஸ்திரோலை உயர்த்தும். அதனையும் வைத்தியர் ஆராய்வர். மருந்து வேண்டுமென விதிக்கப்பட்டவர், கீரையும் கடலையும் உண்கின்றோம் என்ற துணிவில் அதனைத் தாமாக நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். மருந்து எடுப்பவர்க்கும் உணவு துணை. உணவைத் திருத்தியவர்க்கும் சிலபோது மருந்து துணை. இரண்டும் பகையல்ல.

ஆகவே, நேயர்களே, இம்முயற்சியைச் சிறிதாகவே தொடங்குங்கள். பொரிக்கும் எண்ணெயை மாற்றுங்கள். நாளைக்கு ஒரு வேளையேனும் பயறோ கடலையோ உண்ணுங்கள். பால்மாவை ஆடை நீக்கியதாகக் கொள்ளுங்கள். மாலையில் அரைமணி நேரம் நடவுங்கள். மூன்று திங்கள் கழித்து இரத்தத்தை மீண்டும் பரிசோதித்து, முன்னைய தாளோடு ஒப்பிடுங்கள். எண் இறங்கியிருப்பின் அப்பெருமை உண்பவருக்கு மட்டும் உரியதன்று. அவ்வீட்டில் அகப்பை பிடிக்கும் கைக்கும் உரியதாகும். ஆதலினால் இவ்வுரையை, நோயாளி மாத்திரமன்றிச் சமைப்பவரும் கேட்டிருத்தல் நன்று.