உப்புக் காற்றும் சலவை இயந்திரமும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் கரையோர மக்களுக்கு உப்பு ஒருபுறம் செல்வம், மறுபுறம் பகை. புத்தளத்து உப்பளங்களில் வெண்குன்றுகளாய்க் குவிந்து பலருக்குச் சோறிடும் அதே உப்பு, காற்றிலேறி வீட்டினுள் புகுந்து கதவுக் கொண்டியையும் மிதிவண்டிச் சங்கிலியையும் அரித்துத் தின்கின்றது. இந்நாளில் அதற்கு இன்னோர் இரையும் கிடைத்திருக்கின்றது. சலவை இயந்திரத்தினுள்ளே மறைந்திருக்கும் மின்சுற்றுப் பலகையே அஃது.

ஒரு நாட் காலை இயந்திரம் அசைவற்று நின்றுவிடுகின்றது. 'போர்ட் போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்' என்ற தீர்ப்பு, உள்ளே பார்க்குமுன்னரே பல வீடுகளில் வழங்கப்பட்டு விடுகின்றது. விலையைக் கேட்டதும் இல்லத்தரசி மீண்டும் சலவைக் கல்லை நாடுகின்றாள். 2022ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பிறநாட்டு உதிரிப் பாகம் ஒன்றை வாங்குவது எத்துணை அரிதென்பதை நம் குடும்பங்கள் நன்கு உணர்ந்தன. ஆதலின், பலகை உண்மையிலேயே மாண்டதா, அன்றி மயங்கிக் கிடக்கின்றதா என அறிவது பயனுள்ள கல்வியாகும்.

உப்பு செய்யும் வேலை

தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கைக் கடந்ததும் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிலோ மகனீசியம் குளோரைட்டும் கலந்துள்ளது. அதற்கு நூற்றுக்கு 33 பங்கு ஈரப்பதனே போதும். கடற்கரை வீடொன்றில் காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும் வேளை எது? ஆகவே, பலகைமேற் படிந்த உப்புத்தூசி எப்பொழுதும் சற்றே நனைந்தவாறே இருக்கும்.

உப்புநீர் மின்னைக் கடத்தும் என்பது பள்ளி மாணவர் அறிந்ததே. செருகியைப் பிடுங்காது விட்டால், இயந்திரம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் பலகையின் ஒரு பகுதியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். நனைந்த உப்பின் வழியே மின் கசிய, செப்புக் கோடுகள் மெல்லமெல்லக் கரைகின்றன. இணைப்பு முனைகளிற் காணும் பச்சை நிறப் பூச்சு இவ்வரிப்பின் அடையாளமாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கடலை நோக்கிய திண்ணையில் வைத்த இயந்திரத்திற்கு இவ்விடர் மிகுதி.

முதலில் உயிர், பின்னர் இயந்திரம்

திறப்பதற்கு முன் செருகியைப் பிடுங்குக, நீர்க்குழாயை அடைக்குக. அதனோடு அமைதல் ஆகாது. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. இன்வேர்ட்டர் வகை இயந்திரத்தில் அது ஏறத்தாழ 325 வோல்ற்று நேர்மின்னழுத்தமாக மாற்றப்பட்டு, பெரிய கொள்ளளவியிற் சேமிக்கப்படுகின்றது. செருகியை அகற்றிய பின்னரும் அம்மின் சில நேரம் உறங்காது விழித்திருக்கும். கால் மணி நேரமாவது பொறுத்து, பன்மானியால் அளந்து, அழுத்தம் அடங்கிற்று என உறுதிசெய்த பின்னரே கை வைத்தல் வேண்டும். பன்மானியைக் கையாளத் தெரியாதோரும் சிறுவரும் இதனைத் தனியே தொடலாகாது. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தைத் திறவாதிருப்பதே நன்று.

கண்ணாற் கண்டறிதல்

கம்பிகளைக் கழற்றுமுன் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்க. வெள்ளையோ பச்சையோ படிந்த இணைப்புகளை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தோய்த்த மென்தூரிகையால் துடைத்து, முற்றாக உலரவிட்டு, மீண்டும் இறுகச் செருகுக. உப்பினால் மட்டும் நின்ற இயந்திரங்கள் சில இதனாலேயே உயிர்பெறும்.

அடுத்து உருகியைச் சோதிக்க வேண்டும். அது அறுந்திருந்தால் அதே அளவுடைய உருகியையே இடுக. கம்பித் துண்டைச் சுற்றுவது வீட்டிற்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். உருகியின் அருகே வரிஸ்டர் என்னும் சிறு வட்டத்தகடு கருகியிருந்தால், மின்னழுத்தத்தின் திடீர்ப் பாய்ச்சலைத் தான் ஏற்றுப் பலகையைக் காத்த காவலாளி அஃதெனக் கொள்ளலாம். அதனையும் மாற்றல் வேண்டும். தலை வீங்கிய கொள்ளளவியும் பழுதின் சான்றே.

பழுது பலகையில் இல்லாமலும் இருக்கலாம். நீரை வெளியேற்றும் பம்பியின் சுருள் பல இயந்திரங்களில் ஏறத்தாழ 100 முதல் 200 ஓம் வரை தடை காட்டும். நீர் நுழையும் வால்வின் சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, பலகை குற்றமற்றது. தடை மிகக் குறைந்திருந்தால் பம்பியே பலகையை எரித்திருக்கவும் கூடும். பம்பியை மாற்றாமற் புதுப் பலகையை இட்டால் அதுவும் எரிந்துபோம். பணம் இருமுறை வீணாகும்.

பிசினால் மூடப்பட்ட பலகையையும், எரிந்த இன்வேர்ட்டர்ப் பகுதியையும் தேர்ந்த வினைஞரிடம் ஒப்படைப்பதே அறிவு. கதவுப் பூட்டின் காப்பையும் புவிக்கம்பியையும் எக்காரணத்தாலும் விலக்கலாகாது.

வருமுன் காத்தல்

2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடெங்கும் மின் தடைப்பட்டது. நம் கரையிலேயே நிற்கும் 900 மெகாவாற்று நுரைச்சோலை மின்நிலையத்தின் மூன்று பிறப்பாக்கிகளும் நின்றன. பின்வந்த நாட்களில் மின்வெட்டும் நேர்ந்தது. மின் தடைப்பட்டதும் செருகியைப் பிடுங்குவதும், மீண்டு வந்தபின் சில நிமிடம் பொறுத்து இடுவதும் நல்ல பழக்கம். வேலை முடிந்தபின் நாள்தோறும் செருகியை அகற்றுதலும், இயந்திரத்தைக் கடற்காற்று நேரே படாத இடத்தில் வைத்தலும் காசு செலவில்லாக் காப்புகளாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரிப் பாகங்களைக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்தல் உற்பத்தியாளரின் சட்டக் கடமையாகும். செல்வ நாடுகளே பழையதைப் பேண முற்படுங்கால், நாம் எறிவதற்கு விரைதல் முறையோ?

மின்னியலைப் பரீட்சைக்காக மட்டும் கற்கும் மாணவரும் மாணவியரும், ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் ஒரு பழைய பலகையை முன்வைத்துப் பார்க்கட்டும். ஓமின் விதி அங்கே ஏட்டுச் சூத்திரமாக நில்லாது, அன்னையின் கைவலியைத் தீர்க்கும் கருவியாக விளங்கும்.