பழியெல்லாம் காதல் பாட்டுக்கா?

அமெரிக்காவின் ‘சிகாகோ’ இசைக்குழுவுடைய ரசிகர்களிடையே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு ஓய்ந்தபாடில்லை. 1967-ல் உருவான இந்தக் குழு, டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என்று ஊதுகருவிகளை ராக் இசையின் நடுநாயகமாக்கியது. அதன் கிதார் கலைஞர் டெர்ரி காத் 1978 ஜனவரியில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தார். அன்றோடு உண்மையான சிகாகோவும் போய்விட்டது, பிறகு வந்ததெல்லாம் குழுவின் பாடகர் பீட்டர் செட்டெராவின் உருக்கமான காதல் பாட்டுகள்தான் என்பது பழைய ரசிகர்களின் குற்றச்சாட்டு. ஏதோ ஒன்று போனது உண்மை. ஆனால் பழியை அவர்கள் போட்ட இடம் தவறு.

இரண்டாவது ஆல்பமே இதற்குச் சாட்சி. 1970-ல் வந்த அந்த ஆல்பத்தில் ஏறத்தாழ 13 நிமிடம் நீளும் ஒரு தொடர் இசை உண்டு. அதற்குள் இருப்பதுதான் ‘கலர் மை வேர்ல்ட்’. குழுவின் பாட்டுகளிலேயே இதைவிட மென்மையானது அதிகமில்லை. எழுதியவர் ஊதுகருவிகளுக்கு இசை அமைத்துவந்த டிராம்போன் கலைஞர் ஜேம்ஸ் பாங்கோ; பாடியவர் சாட்சாத் டெர்ரி காத். செட்டெராவின் ‘இஃப் யூ லீவ் மீ நௌ’ அமெரிக்காவில் குழுவின் முதல் நம்பர் ஒன் பாட்டானது 1976-ல், காத் உயிரோடிருந்தபோதே. ஆக, மென்மை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல.

மாறியது ஊதுகருவிகளின் இடம். 1970-ன் அந்தத் தொடரில் அவை பாடகருக்குப் பதில் சொல்கின்றன, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நம்மை அழைத்துப்போகின்றன. 1982-ல் டேவிட் ஃபாஸ்டர் தயாரிப்பாளராக வந்த பிறகு கீபோர்டும் குரலும் முன்னுக்கு வந்தன. ஊதுகருவிகள் ஓரத்துக்குப் போயின. அந்த ஆண்டு முதலிடம் பிடித்த ‘ஹார்ட் டு ஸே ஐம் ஸாரி’ பாட்டு ஆல்பத்தில் முடியும் இடத்தில் அவை ஆர்ப்பரித்துக் கிளம்பும். வானொலியிலோ பெரும்பாலும் அதற்கு முந்தைய காதல் பகுதியே ஒலித்தது. புதிய ரசிகர்கள் பலருக்கு, இது ஊதுகருவிக் குழு என்று தெரியவே வழியில்லாமல் போனது.

ஃபாஸ்டர் இல்லையென்றால் குழுவே இருந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1979, 1980 ஆல்பங்கள் சரியாகப் போகவில்லை. குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா நிறுவனம் கைவிட்டது. ஃபாஸ்டர் தயாரித்த 1984-ன் ‘சிகாகோ 17’ ஆல்பமோ அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வருமானமும் புகழும்தான் ஊதுகருவிக் கலைஞர்களையும் மேடையில் நிறுத்திவைத்தன. அப்போது வந்து சேர்ந்தவர்களின் அன்பைப் போலி என்பது அநியாயம். ஆனாலும், விற்பனை வென்றதால் எதுவுமே இழக்கப்படவில்லை என்று ஆகிவிடாது. 1993-ல் குழுவே ஊதுகருவிகளை மறுபடி முன்னிறுத்தி ‘ஸ்டோன் ஆஃப் ஸிஸிஃபஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது. அப்போதைய இசைத்தட்டு நிறுவனம் வெளியிட மறுத்தது. 2008-ல்தான் அது கடைக்கு வந்தது. இழப்பை உணர்ந்தவர்கள் ரசிகர்கள் மட்டுமல்ல.

எனவே இந்தக் குழுவை எடைபோட காத் இறந்த தேதியும் உதவாது, பாட்டின் வேகமும் உதவாது. அந்தப் பாட்டில் ஊதுகருவிகளுக்கு வேலை இருக்கிறதா, வெறும் அலங்காரமா என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் 80-களின் பாட்டுகளை வெறுக்க வேண்டியதில்லை. 70-களின் பாட்டுகள் ஏன் ஒரு படி மேல் என்பதும் தானாக விளங்கும்.