ஒளிந்து பார்ப்பது: சினிமாவில் ரசிக்கிறோம், நிஜத்தில் குற்றம். கோடு எங்கே இருக்கிறது?

கால் உடைந்து வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார் ஒரு புகைப்படக்காரர். பொழுது போகவில்லை. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர்களைப் பார்க்கத் தொடங்குகிறார். முதலில் வெறும் கண்ணால், அப்புறம் பைனாகுலரில், கடைசியில் கேமராவின் டெலிபோட்டோ லென்ஸில். ஒரு வீட்டில் கொலை நடந்திருக்குமோ என்று சந்தேகம் வருகிறது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954) படத்தின் கதை இது. ‘வாயூரிசம்’ என்றாலே சினிமா ரசிகர்கள் முதலில் சொல்லும் படமும் இதுதான்.

வாயூரிசம் என்றால் என்ன?

பார்க்கப்படுபவருக்குத் தெரியாமல், அவர் சம்மதம் இல்லாமல், அவருடைய அந்தரங்கத்தைப் பார்த்து இன்பம் அடைவது. ‘பார்ப்பவர்’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர்.

ஹிட்ச்காக் என்ன செய்தார்?

கேமராவைப் பெரும்பாலும் அந்த அறையை விட்டு வெளியே விடவில்லை. அவர் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். இப்படிப் பார்ப்பது சரிதானா என்று அவரே ஒரு கட்டத்தில் யோசிக்கிறார். சந்தேகம் உண்மையாகிவிடுகிறது, சரி. ஆனால் எதிர்வீட்டு ஆள் திரும்பி நேராக நம்மையே பார்க்கும்போது, மாட்டிக்கொண்ட உணர்வு நமக்கும் வருகிறது.

மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ (1960) இன்னும் ஒரு படி மேலே போனது. கொலையாகும் பெண்களின் பயத்தைப் படம்பிடிக்கும் ஓர் ஒளிப்பதிவு உதவியாளரின் கதை. பிரிட்டிஷ் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பவலின் சினிமா வாழ்க்கையே அடிவாங்கியது. இன்று அதே படத்தை முக்கியமான படைப்பு என்கிறார்கள்.

ஓவியத்தில்?

குளிக்கும் சூசன்னாவை இரண்டு முதியவர்கள் ஒளிந்து பார்த்து, மிரட்டும் பழைய கதையைப் பல ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். டின்டொரெட்டோவின் 16-ம் நூற்றாண்டு ஓவியத்தில் அவள் எதுவும் அறியாமல் கண்ணாடி பார்க்கிறாள்; நாமும் நிதானமாக அவளைப் பார்க்கலாம். 1610-ல், 17 வயதுக்கு அருகில் இருந்த ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த சூசன்னாவோ உடலை முறுக்கி, கையை உயர்த்தி, அருவருப்போடு விலகுகிறாள். கதை ஒன்றுதான். யார் பக்கம் நின்று வரைகிறோம் என்பதுதான் வேறு.

பெண்ணை வெறும் பார்வைப் பொருளாக்கும் இந்த வழக்கத்தைத்தான் லாரா மல்வி 1975-ல் எழுதிய கட்டுரையில் விமர்சித்தார். ‘மேல் கேஸ்’ என்று இன்று நாம் பேசுவது அங்கிருந்து வந்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2013-ல் ஐபிசி 354சி பிரிவாக வந்தது; இப்போது பிஎன்எஸ் 77. தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் தனிமையில் இருக்கும்போது அவரைப் பார்ப்பது, படம் எடுப்பது, அதைப் பரப்புவது எல்லாமே குற்றம். முதல் முறை 1 முதல் 3 ஆண்டு, மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. படம் எடுக்க அவர் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றமே.

அப்போ கோடு எங்கே?

திரையில் இருப்பவர் நடிகர். பார்க்கப்படுவோம் என்று தெரிந்தே நடிக்கிறார். ‘லீக்’ ஆன வீடியோவில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி ஒன்று வந்தால், ‘நான் எடுக்கலையே, ஃபார்வர்டுதானே பண்ணேன்’ என்பது தப்பிக்கும் வழி அல்ல. பரப்புபவரையும் சட்டம் விடுவதில்லை.